பட்டையின் மேல் போட்ட பழி

அன்று காலை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அம்மாவின் இடது முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினேன்.

2. ரத்தக்குழாய் தட்டுப்படவில்லை. பனிக்காலத்தில் குன்னூரில் காலை ஏழு மணிக்கு யாருக்குமே எளிதில் தட்டுப்படாது. குளிரில் சுருங்கி உள்ளே போய்விடும்.

3. கையை மூடித் திறக்கச் சொன்னேன். அம்மா பத்து முறை செய்தார். இன்னும் பத்து முறை என்றேன்.

4. பட்டையை அவிழ்க்காமலே விரலால் தட்டித் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடமாவது ஆகியிருக்கும்.

5. கிடைத்தது. ஊசி ஏறியது, குழாய் நிறைந்தது, பஞ்சை வைத்து அழுத்தினேன்.

6. அம்மா ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, கட்டபெட்டு வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து எஸ்டேட்டுக்குத் திரும்பினார்.

7. பதினொரு மணிக்கு இயந்திரம் கால்சியம் 11.4 என்றது. எங்கள் லேபில் 10.5 வரைதான் சரியான அளவு.

8. ரிஜிஸ்டரில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘ப’ என்று எழுதினேன்.

9. டீ குடிக்கப் போனேன்.

இந்த வாரம் எட்டாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும். இந்த வாரத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். லேபின் ஜன்னலைப் பற்றி எழுதினேன். அந்த ஜன்னல் வழியாக மாதிரிக் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிய குரங்கைப் பற்றி இரண்டு வாரம் எழுதினேன். இனிமேல் தள்ளிப் போடுவதற்குக் குரங்கும் இல்லை.

பென்சில் குறி

எங்கள் லேபில் இரண்டே பேர். சீனியர் டெக்னீஷியன் ஜெயசீலன் அண்ணன், அவருக்குக் கீழே நான். காலை ஆறே முக்காலுக்குக் கதவைத் திறக்கும்போதே வெளி பெஞ்சில் பதினைந்து இருபது பேர் வெறும் வயிற்றோடு, மஃப்ளரும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் எட்டரை மணி வேலைக்குப் போக வேண்டியவர்கள். கையைத் தொட்டால் குழாய்த் தண்ணீரைத் தொடுவது போலிருக்கும்.

பட்டையை நெடுநேரம் கட்டி வைத்தால் ரத்தத்திலிருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்கு வெளியே கசியும். புரதம் உள்ளேயே தங்கிக் கெட்டிப்படும். கால்சியத்தில் ஏறக்குறையப் பாதி அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. ஆகவே கால்சியமும் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். இது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். ஒரு நிமிடத்துக்குள் பட்டையை அவிழ்த்துவிட வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தை எழுதியவர் பனிக்காலத்தில் எங்கள் பெஞ்சைப் பார்த்திருக்க மாட்டார்.

எனவே நான் வேலையில் சேர்வதற்கு முன்பிருந்தே ஜெயசீலன் அண்ணனிடம் ஒரு வழக்கம் இருந்தது. கால்சியம் சற்றுக் கூடி வந்தால், பட்டையைக் கட்டி நெடுநேரம் தேடியது நினைவிருந்தால், பக்கத்தில் ஒரு ‘ப’. அந்த மிகுதி நோயாளியுடையது அல்ல, பட்டையுடையது என்று பொருள். டாக்டர் போனில் கேட்டால், “பட்டைங்க டாக்டர்” என்போம். அவரும் விட்டுவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. அதனாலேயே யாரும் அதைத் திரும்பச் சோதித்ததில்லை.

11.4 என்பது பட்டை ஏற்றிவிடக்கூடியதற்கு மேலே. அந்தக் காலையிலேயே அது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதினேன். அம்மாவைப் பற்றிக் கவலைப்படாமலிருக்க ஓர் எழுத்து கைவசம் இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது

என் அம்மா ஆரோக்கியமேரி. கட்டபெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போய், பிறகு பறிப்பவர்களுக்கு சூப்பர்வைசர் ஆனவர். பழைய ஆட்கள் கங்காணி என்பார்கள். அம்மாவுக்கு அந்தச் சொல் பிடிக்காது. வேலை முழுவதும் காலிலும் குரலிலும்தான். சரிவில் ஏறி இறங்கி, எந்த வரிசையில் யார் நிற்க வேண்டும், எது முற்றிய இலை, எங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா கூப்பிட்டால் மூன்று வரிசை தாண்டிக் கேட்கும்.

ஓய்வு பெற அவருக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. நாங்கள் குடியிருக்கும் லைன் வீடு அந்த வேலையோடு வந்தது. சரிவு ஏற முடியாத சூப்பர்வைசரை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாரா என்று காத்திருப்பார்கள். அம்மா அப்படி மூன்று பேரைப் பார்த்திருக்கிறார்.

அந்த வருடங்களில் அவருக்கு இருந்த தொந்தரவுகளையும், அவற்றுக்கு நாங்கள் வைத்திருந்த காரணங்களையும் பிற்பாடு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

முதுகு, தொடை எலும்பில் வலி: சரிவு. தீராத தாகம்: காலையில் குடிக்கும் உப்பு டீ. அடிக்கடி சிறுநீர்: குளிர். மலச்சிக்கல்: வேலையிடத்தில் ஒதுங்க இடமில்லாமல் அடக்கிப் பழகியது. மறதி: வயது. காரணமில்லாத சோர்வு: ஞாயிற்றுக்கிழமைகூட உட்காராத உடம்பு.

ஒவ்வொரு காரணமும் நியாயமானது. இந்த மலையில் வேலை செய்யும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதே பட்டியலை ஒப்பிப்பார். அம்மாவின் குழுவிலிருந்த பாக்கியம் அக்கா மட்டும் ஒருநாள், “சூப்பர்வைசரம்மா இனி பாட்டில் கொண்டாராதீங்க, தண்ணி லாரியவே மேல ஏத்தச் சொல்லுங்க” என்றாராம். அம்மாவே வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் படித்த படிப்பில், தாகம் என்றதும் எழுத வேண்டிய பட்டியலில் கால்சியம் மூன்றாவது இடத்தில் இருக்கிறது.

பாலும் ராகியும்

அடுத்த மழைக்காலத்தில் அம்மா வழுக்கினார். விழவில்லை. வழுக்கியதும் வலது கையை ஊன்றித் தன்னைத் தாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அதற்கே மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட டாக்டர் படத்தைப் பார்த்து எலும்பு பலமில்லை என்றார்.

எலும்பு பலமில்லை என்றால் கால்சியம் குறைவு. குறைவு என்றால் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா வெலிங்டனில் ஒரு மெஸ்ஸில் சமையல்காரர். எதையும் அளந்து செய்பவர். காலையில் ராகிக் கூழ், பதினொரு மணிக்குப் பால், இரவு பால், அதோடு மாத்திரை இரண்டு என்று சமையலறைச் சுவரில் நேரம் எழுதி ஒட்டினார். அதற்குக் கட்டம் போட்டுக் கொடுத்தது நான்.

அம்மாவின் உடம்பு மோசமானது. வாந்தி வந்தது. சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினார். ஒரு காலையில் தன் குழுவில் இருபத்திரண்டு வருடமாகக் கூட நிற்கும் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் பார்க்க வந்தபோது, அவர் பெயர் அம்மாவுக்கு வாயில் வரவில்லை. அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா அழவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“கொடுக்கக் கொடுக்க இப்படி ஆகுதே, ஏங்கண்ணு?” என்று அப்பா கேட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் மறுநாள் ரிஜிஸ்டரைத் திறந்தேன். அம்மாவின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. முந்தைய பனிக்காலம், அதற்கும் முந்தையது, முறிவுக்குப் பின் மழைக்காலம். மூன்றாவதை எடுத்தது ஜெயசீலன் அண்ணன். மூன்றிலும் கால்சியம் கூடுதல். மூன்றிலும் ‘ப’.

ஒரே ஆளுக்கு மூன்று முறையும் பட்டையா தப்புச் செய்யும்?

ஈரக் கழிவு

மாவுக்கட்டைப் பார்க்க அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, பெஞ்சில் கூட்டம் கலைந்த பிறகு அவரை உள்ளே உட்கார வைத்தேன். கேன்டீனிலிருந்து ஒரு டம்ளர் சூடான டீ வாங்கி இடது உள்ளங்கையில் கொடுத்தேன். குடிக்கக் கூடாது, பிடித்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்றேன்.

“டீயைக் கையில குடுத்துப்போட்டுக் குடிக்காதேங்கறவள இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்றார் அம்மா.

கை சூடேறியதும் முழங்கையின் உட்பக்கம் நீலக்கோடு தானாகவே மேலே வந்தது. பட்டை இல்லாமல் ஊசியை ஏற்றினேன். அம்மா கவனித்துவிட்டார். ஏன் இன்றைக்குக் கட்டவில்லை என்று கேட்டார். சொல்லிவிடுவது என்று முந்தைய நாளே தீர்மானித்திருந்தேன். சொன்னேன். பட்டை, பென்சில், மூன்று முறை, எல்லாம்.

அம்மா டம்ளரை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்:

“ஈரக் கழிவு போட்டிருக்கற.”

இதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எஸ்டேட்டில் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுக்கும்போது, மழை நாளில் இலை மேல் தண்ணீர் இருக்கும். அதற்காகச் சாக்குக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பார்கள். அதுதான் ஈரக் கழிவு. நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது, எங்கள் டிவிஷனில் எடை எழுதிய ரைட்டர் ஒருவர் வெயில் நாளிலும் அதைக் கழித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் அல்ல. மழைக்காலம் நீண்டு போனதில் கை பழகிவிட்டது. பெண்கள் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். அப்போது அம்மா சூப்பர்வைசர் ஆகியிருக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மாவின் சாக்கை நிறுத்தார்கள்; கழிவை எழுத அம்மா விடவில்லை. சிமென்ட் தரையில் கொழுந்தை மொத்தமாகக் கொட்டினார். “ஏனுங்க, இதுல ஈரம் எங்கயிருக்குதுன்னு தொட்டுச் சொல்லுங்க. இருந்தா கழிச்சுக்கங்க” என்றார். ரைட்டர் குனிந்து ஒரு கைப்பிடி எடுத்தார். விரலைப் பார்த்தார். பிறகு முழு எடையை எழுதினார். கொட்டிய கொழுந்தைத் திரும்ப அள்ளியது நானும் அம்மாவும். இலையில் வெயில் சூடு இருந்தது. அந்தச் சூடு இன்னும் என் கைக்கு நினைவிருக்கிறது.

லேபில் அம்மா அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு அந்தத் தராசுதான் தெரிந்தது. இம்முறை ரைட்டரின் இடத்தில் நின்றிருந்தது நான்.

“தொட்டுப் பாக்காம கழிச்சுட்டேனுங்கம்மா” என்றேன்.

“இப்ப தொட்டுட்டயல்ல. எண்ணு என்னன்னு பாரு.”

11.9.

நான்கு அரிசி மணிகள்

அடுத்த வேலை கோயம்புத்தூருக்கு மாதிரி அனுப்புவது. கால்சியத்தை ஆளும் பாராதைராய்டு ஹார்மோனை எங்கள் லேபில் பார்ப்பதில்லை. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கீழே போகும் முதல் வண்டியில் ஏற்றினேன். முடிவு வரும்வரை சுவரிலிருந்த பால் அட்டவணையைக் கிழித்துவிட்டு, மாத்திரையை நிறுத்துவதற்கு டாக்டரிடம் அனுமதி வாங்கினேன். அப்பாவுக்கு அட்டவணை போனதுதான் வருத்தம்.

ஹார்மோன் மிகக் கூடுதல் என்று முடிவு வந்ததும் அம்மா, அப்பா இருவரையும் உட்கார வைத்து விளக்கினேன். எனக்கு நானே விளக்கிக்கொண்டதும் அதுதான்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவு. ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருப்பது அவற்றின் வேலை. கொஞ்சம் குறைந்தாலும் இதயமும் தசையும் நரம்பும் சரியாக இயங்காது. ஆகவே குறைந்த உடனே ஹார்மோனை அனுப்பும். அது மூன்று காரியம் செய்யும். சிறுநீரோடு போகவிருக்கும் கால்சியத்தைச் சிறுநீரகத்தைக் கொண்டு பிடித்து வைக்கும். அதே சிறுநீரகத்தில் விட்டமின் டி-யை வேலைக்குத் தயார் செய்து, குடல் உணவிலிருந்து அதிகக் கால்சியத்தை எடுக்கும்படி பார்க்கும். மூன்றாவதாக, எலும்பைக் கரைத்து எடுக்கும். கால்சியம் போதுமான அளவுக்கு ஏறியதும் சுரப்பி அடங்கிவிடும். தைராய்டிலிருந்து வரும் கால்சிடோனின் என்ற இன்னொரு ஹார்மோன் எதிர்த்திசையில் இழுக்கும். ஆனால் பெரியவர்களிடம் அதன் பிடி தளர்வு.

எலும்பில் இரண்டு வகை வேலைக்காரர்கள். கரைக்கும் செல்கள், கட்டும் செல்கள். முதலில் கரைப்பவை பழையதை அரித்துக் குழி செய்யும். பிறகு கட்டுபவை வந்து அந்தக் குழியை நிரப்பும். ஆயுள் முழுவதும் இது நடக்கிறது.

“கவாத்துன்னு சொல்லு” என்றார் அம்மா. தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒருமுறை தாழ வெட்டிவிடுவார்கள். அப்போதுதான் புதுத்தளிர் வரும். ஏறக்குறைய அதேதான் என்றேன்.

“வெட்டின கிளை கீழ கெடக்கும். எலும்புல வெட்டினது எங்க போகுது?”

ரத்தத்துக்குப் போகிறது, அதனால்தான் எண் ஏறுகிறது என்றேன்.

படிக்கும் காலத்தில் எனக்கு வியப்பாக இருந்த ஒன்றையும் சொன்னேன். சுரப்பியிலிருந்து வரும் உத்தரவு நேராகக் கரைக்கும் செல்லிடம் போவதில்லை. கட்டும் செல்லிடம்தான் போகிறது. அது ஒரு புரதத்தைக் காட்டிக் கரைக்கும் செல்களை வளர்த்து வேலைக்கு இறக்குகிறது.

“ஆபீஸ்காரங்க நேரா ஆளுககிட்ட எங்க பேசறாங்க? எல்லாம் எங்களவிட்டுத்தான் சொல்றது” என்றார் சூப்பர்வைசர். “அப்ப கட்டறவன் மேலயும் தப்பில்ல, வெட்டறவன் மேலயும் தப்பில்ல. மேல உக்காந்துட்டு ஆர்டர் போடறவன் நிறுத்தாமப் போட்டுட்டே இருக்கறான்.”

அம்மாவின் நோயை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. பிறகு எடுத்த ஸ்கேனில், நான்கில் ஒரு சுரப்பி வீங்கி, அவரைக் கொட்டை அளவுக்கு வளர்ந்திருந்தது தெரிந்தது. ரத்தத்தில் கால்சியம் வழிந்தாலும் அதற்கு உறைக்கவில்லை. குறைவு, குறைவு என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தது. எலும்பு கரைந்துகொண்டே இருந்தது. நாங்கள் மேலிருந்து பாலும் ராகியும் மாத்திரையும் ஊற்றினோம்.

மூன்று வரிசை

சுரப்பியை எடுத்துவிட்டால் தீரும். அதற்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். குரல்நாண் நரம்பு அந்த வழியாகவே போகிறது. அதற்குச் சேதம் வருவது அரிது, ஆனால் வரலாம், குரல் கம்மலாம் என்று கோயம்புத்தூர் டாக்டர் மறைக்காமல் சொன்னார். திரும்பி வரும் பஸ் பர்லியாறு தாண்டியது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார் அம்மா.

குரல் இல்லாத சூப்பர்வைசர் எதற்கு என்பது அவர் வாதம். வாதத்தில் தப்பில்லை.

வீட்டில் ஒரு தாளை இரண்டாக மடித்தேன். ஒரு பக்கம் செய்தால், இன்னொரு பக்கம் செய்யாவிட்டால். செய்யாவிட்டால் பக்கத்தில் இடுப்பெலும்பு, சிறுநீரகக் கல், மறதி என்று எழுதினேன். அழுத்தி எதுவும் சொல்லவில்லை. நான் போட்ட ‘ப’வுக்குப் பிறகு இன்னொரு தீர்மானத்தை அவருக்காக நான் எழுதக் கூடாது என்று இருந்தது. தாளை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். பத்து நாள் அது அங்கேயே இருந்தது. அப்பா அதன் மேல் உப்பு டப்பாவை வைத்துவிட்டார்.

மாவுக்கட்டு பிரித்து அம்மா வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். மேல் சரிவில் பறிப்பு. பாதி வழியில் தொடை ஏறவில்லை. ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, அங்கிருந்தே குரல் கொடுத்து வேலையை நடத்தினார். குரல் நன்றாகவே போனது. மேலே யாரோ முற்றிய இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அதைப் போய்க் காட்ட முடியவில்லை.

அன்று மாலை செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

“காலிருந்தா கிட்டப் போய்ச் சொல்லிக்குவேன் சாமி. கொரலு மட்டும் இருந்தா நின்ன எடத்துலயே கத்திட்டிருக்கோணும். தேதி வாங்கு.”

வாங்கினேன்.

தானாகக் கிள்ளிய கை

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. குரல் கரகரப்பாக, காற்றோடு வந்தது, ஆனால் வந்தது. மறுநாள் காலை அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்றார். நான் எழுந்து நின்றேன்.

அதே நேரம் ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் வந்தார். என்னைவிட இளையவர், திருப்பூர்ப் பக்கத்துப் பெண். அம்மாவின் வலது கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினார். முதல் முறை எண் சரியாகக் கிடைக்காமல் மீண்டும் ஏற்றி, இறக்காமல் பிடித்திருந்தார். கை மெல்ல மாறியது. மணிக்கட்டு உள்ளே மடங்கியது. விரல்கள் நீட்டியபடி ஒன்றோடொன்று நெருங்கின. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் வந்து அவற்றோடு ஒட்டியது.

அம்மா தன் கையையே பார்த்தார்.

“பாரு சாமி. கை தானா கொழுந்து கிள்ளுது.”

நர்ஸ் பயந்துபோனார். பட்டையை வேகமாக அவிழ்த்தார். “நான்தானுங்க கொஞ்சம் இறுக்கிக் கட்டிட்டேனாட்ட இருக்குது” என்றார்.

எனக்கு அந்த ஒரு நொடி மிக நீளமாக இருந்தது. பட்டை. திரும்பவும் பட்டை.

“இல்லீங்க சிஸ்டர், பட்டை மேல தப்பில்ல” என்றேன். “கால்சியம் எறங்கியிருக்குது. டாக்டரைக் கூப்பிடுங்க. இப்பவே ரத்தம் எடுங்க. கட்டாம எடுங்க, நான் கையைப் பிடிச்சுக்கறேன்.”

அவர் ஓடினார். அம்மாவின் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடாக்கினேன். விரல்கள் இன்னும் விறைத்திருந்தன.

கால்சியம் 7.1. குறைந்தது எட்டரையாவது இருக்க வேண்டும். ரத்தக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் ஏற்றினார்கள். பாதி ஏறும்போதே விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

நடந்தது இதுதான். உத்தரவு போட்ட சுரப்பி போய்விட்டது. மீதி மூன்றும் நெடுநாள் வேலையில்லாமல் தூங்கியவை. விழித்துக்கொள்ள நாளாகும். கரைப்பவை ஓய்ந்தன. அவை வருடக்கணக்கில் தோண்டிப் போட்ட குழிகளைக் கட்டும் செல்கள் நிரப்ப ஆரம்பித்து, ரத்தத்தில் கண்ட கால்சியத்தையெல்லாம் இழுத்துக்கொண்டன. டாக்டர்கள் இதற்குப் பசித்த எலும்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குறைந்த கால்சியத்தோடு நரம்புகள் துடித்துக்கொண்டிருக்கும்போது கையை இறுக்கினால், அது இப்படி மடங்கிக் காட்டும்.

இம்முறை பட்டை உண்மையைத்தான் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, பால் கொடுக்கலாமா என்பது. கொடுக்கலாம் என்றேன். மாத்திரையும் உண்டு, முன்பைவிட அதிகம், சில மாதங்களுக்கு என்றேன். அவர் புதிதாக ஒரு தாளை எடுத்து வந்து கட்டம் போடச் சொன்னார்.

இப்போதைய நிலவரம்

ஜெயசீலன் அண்ணனிடம் பேசினேன். பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு கையாகச் சூடாக்கிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். முடியாது, ஆனால் கூடி வந்தவர்களை மட்டும் மறுநாள் திரும்பக் கூப்பிட்டு எடுக்கலாம் என்றேன். நாலு பேர் திட்டுவார்கள் என்றார். திட்டட்டும் என்றேன். அவர் அழிப்பானை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். நான் அதை வாங்கவில்லை. பழைய குறிகளை அழித்தால் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியாமல் போய்விடும்.

இரண்டு வருட ரிஜிஸ்டரிலிருந்து ‘ப’ போட்ட பெயர்களைத் தனித்தாளில் எழுதினேன். அம்மாவைச் சேர்க்காமல் முப்பத்தேழு. அவர்களுக்குப் போன் செய்து வரவழைத்து, சூடான தண்ணீரில் கையை வைக்கச் சொல்லி, பட்டை இல்லாமல் எடுத்தோம். முப்பத்து மூன்று பேருக்குச் சரியான அளவு. அவர்கள் விஷயத்தில் குற்றம் பட்டையுடையதுதான். இரண்டு பேருக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. இருவரையும் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறோம். ஒருவர் அருவங்காட்டில் குடியிருப்பவர், தாகத்துக்குக் காரணம் வெல்ல டீ என்று நினைத்திருந்தாராம். மீதி இரண்டு பேரின் போன் எண் மாறிவிட்டது. அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

லேபில் இப்போது சூடு தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றும், ஒரு நிமிடக் கடிகாரம் ஒன்றும் இருக்கின்றன. பென்சில் குறி இல்லை.

அம்மாவின் கடைசிக் கால்சியம் 9.2. நான்தான் எடுத்தேன். எலும்பு அடர்த்தி ஸ்கேன் அடுத்த வருடம். அதுவரை மேல் சரிவு ஏற டாக்டர் விடவில்லை. கீழ்ச் சரிவில் வேலை. மணிக்கட்டு கூடிவிட்டது. குரல் முன்பு மூன்று வரிசை தாண்டும், இப்போது ஒன்றுதான் தாண்டுகிறது. மீதி இரண்டு வரிசைக்கும் அம்மா நடந்து போய்ச் சொல்கிறார்.